தள்ளாமல் நகர்ந்த வோன்வாகன்

ஜெர்மனியின் எசன் நகரின் வடபகுதியில், நிலக்கரிச் சுரங்கம் மூடிப் பல வருடமாகியும் வெளிச்சுவர்களில் கரி படிந்தே கிடந்த ஒரு தெருவில், மூன்றாம் மாடியில் குடியிருந்தாள் கொறற்றி. வயது நாற்பத்தொன்று. மருத்துவமனையொன்றின் சலவைப் பகுதியில் காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கும். கட்டில் விரிப்புகளை அழுத்தித் தேய்க்கிற பெரிய உருளை இயந்திரத்தில் அவள் ஒன்பது வருடமாக நின்றாள். கணவன் சூசைதாசன் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தான். இருவரும் குருநகர்க்காரர். எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஆளுக்கொரு பையோடு இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் வந்து, அங்கிருந்து அதிகாரிகள் காட்டிய ரயிலில் ஏறி எசனுக்கு வந்து சேர்ந்தவர்கள்.

முதல் ஆறு வருடம் அவர்களுக்கு நகர எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. பக்கத்து ஊரில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போவதென்றாலும் அலுவலகத்தில் வரிசையில் நின்று ஒரு அனுமதித் துண்டு வாங்க வேண்டும். நிரந்தர விசா கைக்கு வந்த நாளில் சூசைதாசன் சுவரில் ஐரோப்பா வரைபடமொன்றை ஒட்டினான். அதற்கு இரண்டு வருடம் கழித்து, தொண்ணூற்று நான்கு சித்திரையில், கீழ் வீட்டுக் கிழவர் கொவால்ஸ்கி தன் வோன்வாகனை விற்கப்போவதாகச் சொன்னபோது, மனைவியிடம்கூடக் கேட்காமல் அதை வாங்கிவிட்டான்.

காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. உள்ளே இரண்டு பேர் படுக்கிற கட்டில், காஸ் அடுப்பு, மேசை, ஒரு ஆள் நிற்கிற அளவில் கழுவுமிடம். வெள்ளைத் தகரத்தில் பழுப்புக் கோடு. ஏறக்குறைய ஆயிரம் கிலோ எடை.

முதலில் கொறற்றிக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. "ஆறு வருசம் அகதி முகாமிலை ஒரு அறைக்குள்ளை இருந்தது காணாதே? இப்ப காசு குடுத்து இன்னொரு அறை வாங்கியிருக்கிறியள்" என்று சொன்னாள். ஆனால் முதல் கோடையிலேயே அவள் மனம் மாறிவிட்டது. காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒன்றுகூடல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் யாராவது ஒரு பெண் அருகில் வந்து அமர்ந்து, கையைப் பிடித்து, "டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ பிள்ளை" என்று மெல்லக் கேட்காத சனி ஞாயிறு குறைவு. வோன்வாகனைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடங்களில் அப்படி ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வண்டிக்காரர் காலை வணக்கம் சொல்வார். மழை வருமா என்று கேட்பார். அவ்வளவுதான்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்பதுதான் பெரும்பாடு. வீட்டின் பின்முற்றத்தில் அதற்கு இடம் இருந்தது. ஆனால் தெருவில் இருந்து முற்றத்துக்குப் போக, கட்டடத்தின் அடியால் ஒரு வளைவுப் பாதை வழியாகத்தான் நுழைய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி. கல் பதித்த ஏற்றம். கார் அதற்குள் திரும்பாது. ஆகவே வண்டியைத் தெருவில் கழற்றிவிட்டு, நாலு ஆண்கள் சேர்ந்து பின்பக்கமாகத் தள்ளி ஏற்ற வேண்டும். கொறற்றியின் தம்பி பென்ஜமின் வருவான், அவனோடு இரண்டு சிநேகிதர் வருவார்கள். சூசைதாசன் நடுவில் நின்று "ஏலேலோ" சொல்வான். பிறகு மேலே சாப்பாடு. இதற்காகவே ஒவ்வொரு பயணமும் ஒரு ஆட்டிறைச்சிக் கறியில் தொடங்கி ஆட்டிறைச்சிக் கறியில் முடிந்தது.

தொண்ணூற்றாறு புரட்டாதியில் ஒரு மழை நாள். மொசல் ஆற்றுப் பக்கம் போய்த் திரும்பியிருந்தார்கள். கல் வழுக்கியது. பாதி ஏற்றத்தில் பென்ஜமினின் சிநேகிதன் ஒருவன் சறுக்கி விழ, வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது. சூசைதாசன் முதுகைக் கொடுத்து அதைத் தாங்கினான். வண்டி நின்றது. அவன் நிமிரவில்லை.

முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். கார்த்திகையில் சத்திரசிகிச்சை. பத்துக் கிலோவுக்கு மேல் இனித் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது. வார்ப்புத் தொழிற்சாலையில் அவனுக்குக் கொடுக்க வேறு வேலை இருக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் இடுப்புப் பட்டியோடு சோபாவில் கிடந்தான். தொலைக்காட்சியில் என்ன போகிறது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. சுவரில் இருந்த படத்தை ஒருநாள் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் வைத்தான்.

மாசியில் அவன் சொன்னான்: "வோன்வாகனை விப்பம்."

அவன் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தான். இரண்டாவது சனிக்கிழமை பொட்றொப் நகரில் இருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் வயிற்றுப்பிள்ளைக்காரி. அவர்களைக் கொறற்றிதான் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள், ஏனென்றால் சூசைதாசனுக்குப் படி இறங்குவது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர்கள் கட்டிலில் அமர்ந்து பார்த்தார்கள். கதவுகளைத் திறந்து மூடினார்கள். அடுப்பை மூட்டிப் பார்க்கலாமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

கொறற்றி காஸைத் திறந்தாள். நீலச் சுவாலை வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், தான் சொல்லப்போவது இன்னதென்று தெரியாமலே சொன்னாள்: "மன்னித்துக்கொள்ளுங்கள். இதை நாங்கள் விற்கவில்லை."

அவர்கள் கோபப்பட்டார்கள், அது நியாயம்தான். அவள் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டு, அவர்களின் பயணச் செலவைக் கையில் வைத்து அனுப்பினாள். மேலே வந்தபோது சூசைதாசன் யன்னலில் நின்றான். அவர்கள் வெறுங்கையோடு போவதை அவன் பார்த்துவிட்டான்.

"என்னவாம்?"

"நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான்."

"என்னட்டைக் கேக்காமலோ?"

"வாங்கேக்கை நீங்கள் என்னட்டைக் கேட்டனீங்களே?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "ஆர் தள்ளுறது கொறற்றி? நீரோ? பென்ஜமினை ஒவ்வொருக்காலும் கூப்பிட்டு, நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலை நிக்கிறதோ? எனக்கு அது ஏலாது."

"தள்ளத் தேவையில்லை. அதுக்கொரு மிசின் இருக்கு."

முந்தின கோடையில் கீழ் றைன் ஆற்றுப் பக்கத்தில், வோன்வாகன்கள் நிறுத்துகிற முகாம் இடமொன்றில் அவள் அதைப் பார்த்திருந்தாள். நெதர்லாந்தில் இருந்து வந்த வயதான தம்பதி. மனிதர் கால் நடக்க ஏலாதவர், கதிரையில் இருந்தார். அந்த அம்மா கையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நடக்க, வண்டி தானாக மெல்ல ஊர்ந்து போய், மரத்துக்கும் வேலிக்கும் நடுவில் திரும்பி நின்றது. கொறற்றி கையில் கழுவின கோப்பைகளோடு அப்படியே நின்று பார்த்தாள். கடைசியில் வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டாள். அந்த அம்மா குனிந்து வண்டியின் அடியைக் காட்டினாள். ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் ஒரு மோட்டார், அதன் முனையில் ஒரு உலோக உருளை. உருளை டயரை அழுத்திப் பிடித்துச் சுற்றுகிறது, டயர் சுற்றுகிறது. அதைப் பார்த்தவுடனே கொறற்றிக்கு விளங்கிவிட்டது. உருளைகளோடுதானே அவள் நாள் முழுக்க நிற்கிறாள்.

இதையெல்லாம் அவள் சொன்னபோது சூசைதாசன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "விளையாட்டுச் சாமான்" என்றான்.

கொறற்றி தன் பாட்டில் வேலையைத் தொடங்கினாள். கொவால்ஸ்கியிடம் நீர்மட்டக் கட்டையை இரவல் வாங்கினாள். கிழவர் தானும் வந்து நின்று ஒரு நீளப் பலகையைப் பிடித்தார். வளைவுப் பாதையில் நாலு மீட்டர் போகிறபோது தரை நாற்பத்தைந்து சென்ரிமீட்டர் உயர்கிறது என்று கண்டார்கள். அவள் அதை ஒரு துண்டில் எழுதினாள். வண்டியின் பத்திரத்தில் இருந்த எடையையும், டயரின் அளவையும் எழுதினாள். பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்த கையோடு பஸ் மாறி, ஓபர்ஹவுசனில் இருந்த முகாம் பொருட்கள் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் முதலில் அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று கதவைப் பார்த்தார். யாரும் வரவில்லை. அவள் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் அதைப் படித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

"இதைக் கேட்டு இங்கே அதிகம் பேர் வருவதில்லை. வருகிறவர்களும் அளந்துகொண்டு வருவதில்லை" என்றார்.

இரண்டு வகை காட்டினார். ஒன்று, வண்டியின் மூக்கில், காரோடு கொளுவுகிற முனையில் இருக்கிற சின்னச் சில்லுக்குப் பதிலாகப் பூட்டுகிற மோட்டார்ச் சில்லு. விலை குறைவு, பூட்டுவது சுகம். மற்றது அவள் பார்த்த உருளை வகை, இங்கிலாந்தில் இருந்து வரவழைக்க ஆறு கிழமை செல்லும். மலிவானதுதான் நல்லது என்று சொல்லுவார் என அவள் எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை.

"சமதரையான முற்றம் என்றால் மூக்குச் சில்லே போதும். ஆனால் உங்களுடையது ஏற்றம், அதுவும் ஈரக் கல். மூக்கில் பாரம் குறைவு. சில்லு சும்மா நின்ற இடத்தில் சுற்றும், வண்டி ஏறாது. பாரம் எல்லாம் பெரிய சில்லுகளில்தானே இருக்கிறது? தள்ளுவதும் அங்கேதான் வேண்டும்."

"உருளை வகை ஏறுமா?"

"ஏறும். ஆனால் இரண்டு விஷயம். உங்கள் வண்டியில் பற்றறி இல்லை, பெரியதாக ஒன்று வைக்க வேண்டும். மோட்டாரும் பற்றறியும் சேர்ந்தால் ஐம்பது கிலோவுக்கு மேல். அந்த எடைக்கு வேறு ஏதாவதை வண்டியில் இருந்து இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பொலிஸ் தராசில் ஏற்றினால் மாட்டிக்கொள்வீர்கள்."

தன் நத்தார்ப் போனஸை அவள் இன்னும் தொடவில்லை. அன்றே முற்பணம் கட்டினாள்.

எடையை இறக்குகிற வேலை வீட்டில் பெரிய சண்டையாக வந்தது. வண்டிக்குள் இருந்ததை எல்லாம் அவள் முற்றத்தில் பரப்பினாள். இருபது கிலோ அரிசிப் பை, கல் அம்மி, இரண்டு பெரிய அலுமினியச் சட்டி, பென்ஜமின் விட்டுப்போன பியர்ப் பெட்டி, ஒரு தையல் மிசின். தையல் மிசின் எப்படி வந்தது என்று இருவருக்கும் ஞாபகம் இல்லை. சூசைதாசன் அன்றுதான் முதல் தடவையாகத் தானாகக் கீழே இறங்கி வந்தான், அம்மியைக் காப்பாற்ற.

"அம்மியில்லாமல் சம்பல் என்னண்டு அரைக்கிறது?"

"வீட்டிலை அரைச்சுப் போத்தல்லை கொண்டு போவம்."

"ருசி வராது."

"உங்கடை முதுகுக்கு அம்மியை ஆர் தூக்கி வைக்கிறது?"

அவன் மேலே போகவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு, எது போகலாம் எது இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் தர்க்கம் பண்ணினான். இரண்டு மணி நேரம் அவன் வெயிலில் இருந்ததை அவள் கவனித்தாள். அம்மி தோற்றது.

வண்டியைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பூட்டிவரப் பென்ஜமின் தன் காரோடு வந்தான். முற்றத்தில் இருந்து இறக்கும்போது மட்டும் பழையபடி ஆண்கள் தள்ளினார்கள். வைகாசிக் கடைசியில் மோட்டார் பூட்டியாயிற்று. கடைக்காரர் கொறற்றியை வாகனத் தரிப்பிடத்தில் அரை மணி நேரம் பழக்கினார். கைப்பெட்டியில் இருந்து ஒரு சுருள் கம்பி வண்டிக்குப் போனது. கையை எடுத்தால் நிற்கும். இடப்பக்கப் பொத்தான் இடச் சில்லு, வலப்பக்கப் பொத்தான் வலச் சில்லு. ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் விட்டால் வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். அவர் மூன்று விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். காரில் இருந்து கழற்ற முதல் கைப்பிரேக்கை இழு. உருளைகள் டயரைப் பிடித்தபிறகுதான் பிரேக்கை விடு. தெருவில் ஓட முதல் உருளைகளை விலக்க மறக்காதே, மறந்தால் டயரும் போகும் மோட்டாரும் போகும். கொறற்றி அதை அன்றிரவே தமிழில் எழுதி வண்டியின் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினாள்.

அடுத்த ஞாயிறு காலை, தெருவில் வாகனம் குறைந்த நேரம். பென்ஜமின் வண்டியைக் கொண்டுவந்து வாசலோரம் நிறுத்தினான்.

"அக்கா, பொடியங்களைக் கூப்பிடட்டே? சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

"வேண்டாம். நீ காரைக் கொண்டுபோய் அங்கால நிப்பாட்டு."

சூசைதாசன் மேலே யன்னலில் நின்றான். வா என்று அவள் கேட்கவில்லை, அவனும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் பிரேக்கை இழுத்தாள், கழற்றினாள், நெம்புகோலால் இரண்டு உருளையையும் டயரோடு சேர்த்தாள், பிரேக்கை விட்டாள். பொத்தானை அழுத்தினாள். வண்டி முனகிக்கொண்டு அசைந்தது. எதிர்த்த வீட்டுப் பெண் யன்னலைத் திறந்தாள். கொறற்றி வண்டியை அரை வட்டம் திருப்பி, அதன் முதுகை வளைவுக்கு நேரே கொண்டுவந்தாள். ஒரு ஆள் மெதுவாக நடக்கிற வேகத்திலும் பாதி வேகம்தான். அவசரப்படுத்த முடியாத அந்த வேகம் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஏற்றம் தொடங்கியதும் மோட்டாரின் சத்தம் கனத்தது. வண்டி பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. வண்டி பாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அவள் முன்னால் மூக்குப் பக்கம் கம்பியின் நீளத்துக்குள் நிற்கிறாள். பின்மூலைகள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. முற்றத்துப் பக்க வாசலின் இரண்டு ஓரத்திலும், பழைய காலத்தில் குதிரை வண்டிகள் சுவரில் இடிக்காமல் இருக்கப் போட்ட கல் முண்டுகள் இருந்தன.

அவள் கையை எடுத்தாள். நடு ஏற்றத்தில், போன புரட்டாதியில் ஒரு மனிதனின் முதுகை முறித்த அதே இடத்துக்குக் கொஞ்சம் மேலே, வண்டி ஆடாமல் அசையாமல் நின்றது.

பென்ஜமின் தெருவில் இருந்து, "அக்கா, இனி என்ன?" என்றான்.

அவள் பதில் சொல்ல முதல், வண்டிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல் வந்தது. படிக்கட்டின் பின்கதவால் சூசைதாசன் முற்றத்துக்கு இறங்கியிருந்தான்.

"கொறற்றி, கேக்குதோ? உம்மடை வலக்கைப் பக்கம் கல்லுக்கு நாலு விரல்தான் இருக்கு. மற்றப் பக்கம் நிறைய இருக்கு. மூக்கைக் கொஞ்சம் வலத்தாலை எடும்."

"எவ்வளவு?"

"நீர் எடும். நான் சொல்லுறன்."

அவள் ஒரு சில்லை மட்டும் அசைத்தாள். "இன்னும்... இன்னும்... காணும். இப்ப நேரை வாரும்." அவன் குரல் நெடுநாளைக்குப் பிறகு உரத்து வந்தது. வண்டி அங்குலம் அங்குலமாக அவனை நோக்கிப் போனது. கடைசியில் வளைவுக்குள் வெளிச்சம் வந்தது. முற்றத்தில், இடுப்புப் பட்டியைச் சட்டைக்கு மேலே கட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு அவன் நின்றான். ஒரு கையைத் தூக்கி நில் என்று காட்டினான்.

"ஒருத்தற்றை கையும் படேல்லை" என்றான். அது பாராட்டா முறைப்பாடா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பெட்டியைக் கதவடியில் வைத்துவிட்டு அவள் வண்டியின் படியில் அமர்ந்தாள். அவனால் அவ்வளவு தாழ்வாக அமர முடியாது, பக்கத்தில் நின்றான். கொவால்ஸ்கி தன் யன்னலில் இருந்து இரண்டு தரம் கை தட்டிவிட்டு யன்னலை மூடினார்.

அந்த ஆவணியில் அவர்கள் கெவெலார் மாதாவின் திருவிழாவுக்குப் போனார்கள். ஜெர்மனி எங்கும் இருந்து தமிழர் வந்து கூடுகிற நாள் அது, வேதக்காரர் மட்டுமல்ல, சைவக்காரரும் வருவார்கள். ஊருக்கு வெளியே ஒரு விவசாயியின் புல்வெளியில் கூடாரங்களும் வண்டிகளும் நெருங்கிக் கிடந்தன. கொறற்றி பெட்டியோடு நடந்து, வண்டியை இரண்டு கூடாரத்துக்கு நடுவில் நுழைத்தபோது சனம் கூடிவிட்டது. ஆண்கள் சிலர் சிரித்தார்கள். ஒருவர் சூசைதாசனிடம், "என்ன அண்ணை, மனுசி வேலை செய்யுறா, நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றார்.

சூசைதாசன் முகம் கறுத்ததைக் கொறற்றி தூரத்தில் இருந்தே கண்டாள். ஆனால் அவன் நிதானமாகச் சொன்னான்: "ஓம். என்ரை முதுகு போட்டுது. அவதான் தேடிப் பிடிச்சு இதைப் பூட்டினவ. எனக்கு அதிலை ஒண்டும் தெரியாது." சொன்னவன் போய்த் தண்ணீர்க் குழாயைக் கொளுவினான்.

கொலோனில் இருந்து வந்திருந்த மகாதேவி என்ற பெண் கிட்டே வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும், பருத்த உடம்பு. கொறற்றி வழக்கமான கேள்விக்குத் தயாரானாள்.

"தங்கச்சி, நான் ஒருக்கா அமத்திப் பாக்கட்டே?" என்று கேட்டாள் மகாதேவி.

கொறற்றி பெட்டியை அவள் கையில் கொடுத்தாள். வண்டி ஒரு அடி முன்னால் போய் நின்றது. மகாதேவி பெட்டியைத் திருப்பித் தராமல் இன்னொரு அடி விட்டாள். பின்னால் நாலைந்து பெண்கள் நின்றார்கள், எல்லோரும் ஒவ்வொரு அடி விட்டார்கள். கடைசியில் வண்டி போட்ட இடத்தை விட்டு மூன்று மீட்டர் தள்ளி, அடுத்தவர் கூடாரக் கயிற்றில் முட்டிக்கொண்டு நின்றது. அன்று பின்னேரம் பற்றறி இறங்கிப்போக, விவசாயியின் களஞ்சியத்தில் இருந்து கம்பி இழுத்து ஏற்ற வேண்டியிருந்தது. மறுநாள் மழை பெய்ய, சேற்றில் சில்லு சும்மா சுற்றியது. மிசினுக்கும் ஏலாத இடம் உண்டு என்று கொறற்றி அன்று அறிந்தாள். விவசாயி உழவு இயந்திரத்தால் இழுத்துவிட்டார்.

அடுத்த மாசியில் சூசைதாசனுக்கு நகரப் பேருந்து நிலையமொன்றின் வாயிலறையில், கதிரையில் இருந்து செய்கிற வேலை கிடைத்தது. நேர்முகத்துக்கு அவனைப் போகச் சொல்லி ஒருவரும் வற்புறுத்தவில்லை, தானே போனான். தொண்ணூற்றொன்பது கோடையில் அவர்கள் டென்மார்க் கடற்கரை வரைக்கும் போனார்கள். அங்கே ஒருநாள் காலை, வண்டியைக் காற்றுக்கு மறைவாகத் திருப்ப வேண்டியிருந்தபோது, அவன் கையை நீட்டினான்.

"தாரும் பாப்பம்."

இரண்டு வருடத்தில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கொடுத்தாள். அவன் வலத்தை அழுத்த நினைத்து இடத்தை அழுத்தினான். வண்டி அவர்களுடைய தேநீர் மேசையை மெல்லச் சரித்துக்கொண்டு போனது.

"கையை எடுங்கோ" என்றாள் கொறற்றி.

எடுத்தான். வண்டி நின்றது. சரிந்த மேசையையும் மணலில் ஓடின தேநீரையும் இருவரும் பார்த்தார்கள். அவன் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டியின் பின்பக்கம் நடந்துபோய், மூலைகள் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டான்.

"ம், வாரும்" என்றான்.